ஆண் ஹார்மோன் ஊசி போட்ட பொலிகெடாவுக்கு சினை நிக்க மாட்டேங்குது, இது எப்படிங்க?

எல்லைக்கோட்டு ஆட்டுக்காரன் (வேலந்தாவளம்)

வணக்கமுங்க எல்லாருக்கும். நம்ம பட்டி வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை போற வழியில இருக்குது, மலபாரி கொஞ்சம் நாட்டு வெள்ளாடு கொஞ்சம்னு கலந்து வச்சிருக்கேன். சித்திரைக்கு முன்னாடி ஒரு புரோக்கர் மூலமா பொலிக்குன்னே ஒரு மலபாரி கெடா வாங்குனேன். ஆளு நெடுநெடுன்னு, கழுத்து தடிச்சு, தாடி நெஞ்சு வரைக்கும், கெடா வாடை ரோட்டுல போறவனுக்கே அடிக்கும். பருவத்துக்கு வந்த ஆட்டைக் கண்டா மேலுதட்டைச் சுருட்டிக்கிட்டு கனைச்சுக்கிட்டு ஒடனே ஏறிருது, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா சேத்த ஆடு ஒண்ணுகூட நிக்கலைங்க, மூணு வாரத்துல திரும்பக் கத்துது. பக்கத்து தோட்டத்துக்காரரு ஓட்டிட்டு வந்த ஆடுகளும் அதே கதைதான், சேர்க்கைக்கு காசு வாங்கிட்டு இப்ப அவரு மூஞ்சியில முழிக்க முடியல. சந்தேகப்பட்டு அதுல சில ஆட்டை எருத்தேன்பதியில சொந்தக்காரர் வச்சிருக்கற ஒல்லிக் கெடாகிட்ட விட்டேன், நின்னுருச்சு. அப்ப கோளாறு ஆட்டுல இல்ல.

இப்பத்தான் விசயம் வெளிய வந்துச்சு. புரோக்கர்கூட வர்ற பையன் ஒருத்தன் டீக்கடையில ஒளறிட்டான், சந்தைக்கு கொண்டு வர்றதுக்கு முன்னாடி கெடா மொரட்டுத்தனமா தெரியணும்னு எண்ணெய் மாதிரி இருக்கற ஆண் ஹார்மோன் ஊசி விட்டு விட்டு போட்டிருக்காங்களாம். சரின்னு கெடாவைப் புடிச்சு கொட்டையைத் தொட்டுப் பாத்தேன், அந்த ஒடம்புக்கு சின்னதாத்தான் இருக்குது, அழுத்துனா சொதசொதன்னு இருக்குது, எருத்தேன்பதி கெடாவுக்கு கல்லாட்டம் இருந்துச்சு.

எனக்குப் புரியாததே இதுதானுங்க. ஆண் ஹார்மோன்தானே ஆணை ஆணாக்குது? அதையே கூடுதலா குடுத்தா இன்னும் நல்லாத்தானே வேலை செய்யணும், எப்படி வெறும் ஆளாப் போச்சு? எங்க மாமன் என்னடான்னா “டோஸ் பத்தல, இன்னொன்னு போட்டுப் பாரு”ங்கறாரு. போடலாமா வேண்டாமா, உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மீனாட்சிபுரம் பையன்

அண்ணா போடாதீங்க. எங்க ஊரு ஜிம்முல இதே கதை ஓடிட்டு இருக்குது, ஊசி போட்டு கையும் நெஞ்சும் ஏத்திக்கிட்டு சுத்துவானுங்க, கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போனா இவனுக்கு விந்தணு கவுண்ட்டு ஜீரோன்னு வரும். ஏன்னு எனக்கு வெளக்கத் தெரியாது, டாக்டரம்மா யாராச்சும் வருவாங்க.

கால்நடை கோகிலா (சித்தூர், பாலக்காடு ஜில்லா)

டாக்டரம்மா வந்துட்டேன். மண்ணுத்தி கால்நடை காலேஜ்ல படிச்சிட்டு இப்ப இந்தப் பக்கம் பெரும்பாலும் ஆடு மாடுதான் பாக்கறேன். அண்ணா, மொதல்ல ஒண்ணு, மாமன் சொன்னாருன்னு இன்னொரு ஊசி போட்டுடாதீங்க, போட்டா இன்னும் ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போகும். இப்ப ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

கொட்டைக்குள்ள ரெண்டு தனித்தனி வேலை நடக்குது. விந்தணு தயாராகறது பொடிப்பொடி குழாய்ங்களுக்குள்ள, அங்க செர்டோலின்னு ஒரு வகை செல் உக்காந்து அணுக்களை வளத்து விடும். அந்தக் குழாய்ங்களுக்கு நடுவுல இருக்கற சந்துல லேடிக்னு இன்னொரு வகை செல், அதுதான் டெஸ்டோஸ்டிரோன் செய்யறது. ரெண்டுமே தானா வேலை செய்யாது, உத்தரவு தலையில இருந்து வரணும். மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு எடம், அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச்னு ஒரு ஹார்மோன் விட்டு விட்டு வரும், பத்தே பத்து அமினோ அமிலம் கோத்த குட்டி சமாச்சாரம், (இதோட அமைப்பைக் கண்டுபிடிக்க ஷாலிங்கற விஞ்ஞானி ஒரு பக்கம், கீய்மன்ங்கற விஞ்ஞானி ஒரு பக்கம்னு பன்னி மூளையும் செம்மறி மூளையும் லட்சக்கணக்குல அரைச்சு வருசக்கணக்கா போட்டி போட்டாங்க, 1977ல ரெண்டு பேருக்கும் நோபல் கெடச்சுது). அது ஒரு தனி ரத்தக்குழாய் வழியா நேரா கீழ இருக்கற பிட்யூட்டரிங்கற சுரப்பிக்குப் போகும். பிட்யூட்டரி அதைப் பாத்துட்டு எல்.எச், எஃப்.எஸ்.எச்னு ரெண்டை ரத்தத்துல விடும். எல்.எச் போயி லேடிக் செல்லைத் தட்டும், எஃப்.எஸ்.எச் போயி செர்டோலியைத் தட்டும்.

இதுவரைக்கும் போறது மேல இருந்து கீழ. திரும்பி மேல போற சேதியும் உண்டு, உங்க கெடாவைக் கெடுத்தது அதுதான். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்துல ஏறினதும் அது மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் போயி “போதும், கொறை”ன்னு சொல்லும். அதுல ஒரு பங்கு மூளைக்குள்ளயே ஈஸ்ட்ரோஜனா மாறித்தான் அந்த வேலையைச் செய்யுது, கெடாவோட மூளையில பொம்பளை ஹார்மோனான்னு சிரிக்காதீங்க, நெசந்தான். ஜி.என்.ஆர்.எச் செய்யற நரம்பு செல்லுக்கு நேரா இந்த சேதியைப் படிக்கத் தெரியாது, பக்கத்துல கிஸ்பெப்டின்னு ஒண்ணைச் சுரக்கற நரம்பு செல்லுங்க இருக்குது, அதுங்கதான் படிச்சு சொல்லும். எஃப்.எஸ்.எச்சுக்கு தனியா இன்னொரு பிரேக், செர்டோலி செல்லு இன்ஹிபின்னு ஒண்ணு விடும், அது பிட்யூட்டரிக்குப் போயி எஃப்.எஸ்.எச்சை மட்டும் அடக்கும்.

இப்ப ஊசிக்கு வர்றேன். வெளிய இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்தினா இது சொந்த சரக்கா வாங்கின சரக்கான்னு மூளைக்குத் தெரியாது. போதும்னு நெனச்சு ஜி.என்.ஆர்.எச்சைக் கொறைக்கும், எல்.எச் படுத்துரும், எல்.எச் இல்லாததால கொட்டை சொந்தமா டெஸ்டோஸ்டிரோன் செய்யறதை நிறுத்திரும். இங்கதான் எல்லாரும் தடுக்கி விழுகற எடம். விந்தணு உருவாக கொட்டைக்குள்ள வேணுங்கற டெஸ்டோஸ்டிரோன் அளவு, ரத்தத்துல ஓடற அளவைவிட பல பத்து மடங்கு ஜாஸ்தி. அது அங்கயே செஞ்சு அங்கயே தேங்கற சரக்கு. ஊசி ரத்தத்தை நெரப்பும், ஆனா கொட்டைக்குள்ள அந்த அளவுக்கு ஏத்த அதால முடியாது. அதனால ரத்தத்துல நெறைய, கொட்டையில பஞ்சம்.

கழுத்து தடிக்கறது, கொம்புக்குப் பின்னாடி இருந்து வர்ற வாடை, ஏறற வெறி, மொரட்டுத்தனம், இதெல்லாம் ரத்தத்துல இருக்கற அளவுக்குத்தான் ஆடும், அதான் வெளிய இருந்து பாத்தா பிரமாதமா இருக்குது. உள்ள அணு உருவாகற குழாய்ங்க சுருங்கிப்போய் கொட்டை சின்னதாயி சொதசொதன்னு ஆயிருச்சு. வாங்கறவன் பாக்கற அடையாளம் எல்லாம் ஒரு கணக்கு, குட்டி பொறக்க வேண்டியது வேற கணக்கு. புரோக்கர் மொதல் கணக்கை மட்டும் ஏத்தி வித்திருக்கான்.

இது புது விசயமும் இல்ல. 1932லயே சிகாகோவுல மூர், பிரைஸ்னு ரெண்டு பேரு எலிங்களுக்கு ஆண் ஹார்மோன் ஊசி போட்டு, கொட்டை வளராம சுருங்கறதைப் பாத்து, ஹார்மோன் பிட்யூட்டரியை அடக்குது, பிட்யூட்டரி அடங்குனதால கொட்டை அடங்குதுன்னு எழுதி வச்சாங்க. மனுசங்கள்ல உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆம்பளைங்களுக்கான கருத்தடையா சோதிச்சு 1990ல வெளியிட்டுச்சு, போட்டுக்கிட்டவங்கள்ல பாதிக்கு மேல அணுவே இல்லாம போச்சு. கருத்தடைக்கு சோதிச்ச மருந்தை பொலிகெடாவுக்குப் போட்டிருக்காங்க, வேற என்னத்தைச் சொல்ல.

எல்லைக்கோட்டு ஆட்டுக்காரன்

யம்மா ரொம்ப நன்றிங்க, ரெண்டு தடவ படிச்சேன். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன் சரியான்னு பாருங்க. நம்ம தோட்டத்துல மேல்தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் போட்டிருக்கேன், தொட்டி ரொம்புனா போர் மோட்டார் தானா நிக்கும். பாத்திக்குப் போற பைப்பு தொட்டியில இருந்து போகல, மோட்டார்ல இருந்து தொட்டிக்கு ஏறற லைன்லயே நடுவுல பிரிச்சு விட்டிருக்கேன். இப்ப எவனோ லாரித்தண்ணி கொண்டாந்து தொட்டியில ஊத்திட்டான்னு வைங்க, தொட்டி ததும்பும், மோட்டார் நிக்கும், பாத்தி காஞ்சு போகும். தொட்டியைப் பாத்தவன் தண்ணிக்கு என்ன பஞ்சம்னுதான் சொல்லுவான். இதானுங்களா?

இன்னொரு கேள்வி, பொள்ளாச்சியில மனுசங்களுக்கு பாக்கற லேபுல டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுக்கறாங்களே, கெடா ரத்தத்தைக் குடுத்து பாத்தா தெரியுமா?

கால்நடை கோகிலா

அதேதான் அண்ணா, நான் சொன்னதைவிட நல்லா சொல்லிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, உங்க மோட்டார் ஓடுனா ஓடும் நின்னா நிக்கும், மூளை அப்படி இல்ல, எப்பவுமே விட்டு விட்டுத்தான் சுரக்கும். கெடாவுல எல்.எச் ஒரு தடவ குபுக்குன்னு எழும்பும், கொஞ்ச நேரம் கழிச்சு பின்னாடியே டெஸ்டோஸ்டிரோன் எழும்பும், அப்புறம் ரெண்டும் எறங்கும், திரும்ப எழும்பும். பிரேக் புடிக்கறதுன்னா பெரும்பாலும் அந்தக் குபுக்கு எத்தன தடவ வருதுங்கறதுதான் கொறையும்.

அதனாலதான் லேப் டெஸ்டை நம்பி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. டெஸ்டோஸ்டிரோன் மனுசனுக்கும் ஆட்டுக்கும் ஒரே மூலக்கூறு, அதனால அந்த லேபுல நம்பர் வரும். ஆனா நல்ல கெடாவுக்கே காலையில ஒரு நம்பர், மத்தியானம் பல மடங்கு வேற நம்பர் வரும், எந்த நேரம் ரத்தம் எடுத்தீங்கங்கறதைப் பொறுத்தது. எல்.எச் சேத்து பாத்தா அர்த்தம் இருக்கும், ஆனா எல்.எச் புரோட்டீன், இனத்துக்கு இனம் மாறும், மனுசங்களுக்கான கிட்டுல ஆட்டு எல்.எச்சை நம்பிப் படிக்க முடியாது. காசை வீணாக்காதீங்க. விந்து எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கறதுதான் சுலபம், அணு இருக்குதா, ஓடுதா, உருவம் சரியா இருக்குதான்னு கையோட தெரிஞ்சுரும். கூடவே கொட்டைச் சுற்றளவை டேப் வச்சு அளந்து எழுதி வச்சுக்கங்க, பின்னாடி ஏறுதா இல்லையான்னு பாக்க அதுதான் ஒதவும்.

பெரியப்பு பட்டி (ஒழலப்பதி)

நான் முப்பது வருசத்துக்கு மேல ஆடு வச்சிருக்கறவன். இந்த எல்.எச்சு கில்.எச்செல்லாம் எனக்குத் தெரியாது. கெடா கொழுத்தா சோம்பேறியாயிரும், எளைச்சா விந்து கட்டாது, எல்லாம் தீவனம்தான். தம்பி நீ கடலைக்கொடியும் கொஞ்சம் சோளமும் குடு, அகத்திக்கீரை குடு, வெயில்ல கட்டாத, எந்திரிச்சுக்கும். எங்க காலத்துல எவன் ஊசி போட்டான்.

கால்நடை கோகிலா

அப்பு சொல்றதுல நெறைய சரி இருக்குதுங்க, அதை இந்தக் கெடாவுக்குப் பொருத்தறதுதான் சரியில்ல. எளைச்ச மிருகத்துக்கு எல்.எச் துடிப்பு கொறையும், ஏன்னா கிஸ்பெப்டின் நரம்புங்க டெஸ்டோஸ்டிரோனை மட்டும் பாக்கறதில்ல, ஒடம்புல கொழுப்பு எவ்வளவு, சக்தி எவ்வளவுன்னு சொல்ற லெப்டின், இன்சுலின் சேதியும் மூளைக்கு வந்துக்கிட்டே இருக்கும், பஞ்ச காலத்துல இனப்பெருக்கத்தை மூளையே நிறுத்தி வைக்கும். ரொம்பக் கொழுத்தா கொட்டைப் பையோட கழுத்துல கொழுப்பு சேந்து கொட்டை சூடாகும், அதுவும் கெடுதல், வெயில்ல கட்டாதன்னு நீங்க சொல்றதும் இதே காரணத்துக்குத்தான். லாரியில ஏத்தி எறக்கி சந்தை சந்தையா அலைக்கழிச்சா கார்ட்டிசால்ங்கற பதட்ட ஹார்மோன் ஏறி ஜி.என்.ஆர்.எச்சை அமுக்கும், அதுவும் உண்டு. ஆனா இவரு கெடாவுக்கு தீவனத்துல ஒரு குறையும் இல்ல, ஊசி போட்டதுன்னு தெரியுது, கொட்டை சுருங்கியிருக்குது. தீவனம் மட்டும் குடுத்து நாளைக்கே சரியாகும்னு எதிர்பார்த்தா ஏமாறுவாரு.

பெரியப்பு பட்டி

சரி புள்ள. ஆனா அகத்திக்கீரை குடுக்கச் சொல்லு.

ரெண்டாம் பாப்பான் மருமகன் (நெம்மாறா)

நடுவுல பூந்து பேசறேன் மன்னிக்கணும். எங்க மாமா ஆனைக்கு ரெண்டாம் பாப்பான் (பாகனை இங்க அப்படித்தான் சொல்லுவோம்), அதனால ஒரு சந்தேகம். ஆனைக்கு மதப்பாடு வரும்போது கன்னத்துல இருந்து நீர் ஒழுகும், அப்ப டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறியிருக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. டாக்டரம்மா சொல்ற பிரேக் ஆனைக்கு ஏன் புடிக்க மாட்டேங்குது? மாசக்கணக்குல ஓடுதே. வேலை சீசன்ல மதப்பாடு வந்தா ஓனருக்கு நட்டம், பாப்பானுக்கு உயிர் பயம், கட்டுத்தறியிலயே சங்கிலி போட்டு வச்சு சோத்தைக் கொறைப்பாங்க, சோறு கொறைச்சா நீர் சீக்கிரம் நிக்கும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க.

கால்நடை கோகிலா

நல்ல கேள்வி. பிரேக் இல்லாம இல்ல, எந்த அளவுல புடிக்கணுங்கற கோடே மாறும். இது ரொம்பத் தெளிவாப் பாத்தது செம்மறியிலதான், குளிர் நாட்டுச் செம்மறிக்கு பகல் நீளமா இருக்கற மாசத்துல கொஞ்சூண்டு டெஸ்டோஸ்டிரோன் போதும், மூளை ஒடனே அடங்கிரும். பகல் சுருங்க ஆரம்பிச்சதும் அதே மூளை அதே அளவைக் கண்டுக்காது, எல்.எச் துடிப்பு ஏறும், கொட்டை பெருக்கும். ராத்திரி நீளத்தை மெலட்டோனின்னு இருட்டுல சுரக்கற ஹார்மோன் மூளைக்குச் சொல்லும். நம்ம பாலக்காட்டுல வருசம் பூரா பகல் நீளம் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான் மாறுது, அதனால நம்ம வெள்ளாட்டுக்கு அந்த ஆட்டம் பெரிசா இல்ல, எப்பவும் சேரும்.

ஆனைக்கு பகல் நீளத்தைவிட ஒடம்பு தெம்புதான் முக்கியம்னு தெரியுது, நல்லா தின்னு தேறின ஆனைக்குத்தான் மதம் வலுவா வரும். சோத்தைக் கொறைச்சா நிக்கும்னு பாப்பான்மாருங்க கண்டு வச்சது அனுபவ அறிவு, நான் அப்புக்குச் சொன்ன அதே வழிதான், சக்தி கொறையுதுன்னு சேதி போச்சுன்னா மூளை கைய இழுத்துக்கும். ஆனா பட்டினி போட்டு சங்கிலியில கட்டறது மிருகத்துக்குப் பாவம், எனக்கு அதுல சம்மதம் இல்ல. இப்ப வேற வழியும் பாத்திருக்காங்க, ஜி.என்.ஆர்.எச்சுக்கு எதிராவே தடுப்பூசி, ஒடம்பே ஆன்டிபாடி செஞ்சு சொந்த ஜி.என்.ஆர்.எச்சைப் புடிச்சு வச்சுக்கும், கீழ எதுவும் போகாது. தாய்லாந்துல ஆசிய ஆனைக்குப் போட்டு மதத்தைத் தள்ளிப் போட முடியுதுன்னு காட்டியிருக்காங்க. ஆனைக்குக் காயடிக்கறது நெனச்சுப் பாக்கற காரியமா, கொட்டையே வயித்துக்குள்ள கிட்னி பக்கத்துல இருக்குது. இதே தடுப்பூசி முறையை ஆஸ்திரேலியாவுல ஆண் பன்னிக்கு முன்னாடியே கொண்டு வந்துட்டாங்க, காயடிக்காமலே கறியில வாடை வராம இருக்க.

கோபாலபுரம் கென்னல்காரன்

எனக்கு நாய்தான் தொழில். ஒரு முரண்பாடு எப்பவுமே கொழப்பும். ஆண் நாய்க்கு ஆபரேசன் இல்லாம அடக்கறதுக்கு வெளிநாட்டுல டெஸ்லோரெலின்னு தோலுக்கடியில ஒரு குச்சி வைக்கறாங்க, அதுவும் ஜி.என்.ஆர்.எச் மாதிரியான மருந்துதான்னு போட்டிருக்கு. இங்க மாட்டு டாக்டர் பசுவுக்கு புசெரெலின் போடறாரு, அதுவும் ஜி.என்.ஆர்.எச் வகைதான், அது முட்டை வெடிக்க. ஒரே வகை மருந்து ஒண்ணைக் கெளப்புது ஒண்ணை அடக்குது, எப்படி?

கால்நடை கோகிலா

விட்டு விட்டு வருதுன்னு சொன்னேனே, பதிலு அதுக்குள்ளயே இருக்குது. 1978ல நோபில்ங்கற விஞ்ஞானியோட குழு (நோபல் பரிசு இல்ல, ஆளு பேரு) குரங்குல செஞ்ச சோதனை இதுக்கு அடிப்படை. மூளையில சொந்த ஜி.என்.ஆர்.எச் வர்ற எடத்தை நிறுத்திட்டு வெளிய இருந்து குடுத்துப் பாத்தாங்க, மணிக்கு ஒரு தடவ சின்னச் சின்னதா குடுத்தா எல்.எச் எஃப்.எஸ்.எச் ரெண்டும் எழும்புச்சு, அதே மருந்தை நிறுத்தாம ஓடவிட்டா ரெண்டும் படுத்துருச்சு. விடாம தட்டிக்கிட்டே இருந்தா பிட்யூட்டரி காதைப் பொத்திக்கும். பசுவுக்குப் போடற ஒத்த ஊசி ஒரு தட்டு, அதனால எழும்பும். நாய்க்கு வைக்கற குச்சி மாசக்கணக்குல விடாம கசியும், மொத கொஞ்ச நாளு டெஸ்டோஸ்டிரோன் ஏறும் (அந்த நேரம் நாய் இன்னும் மோசமா நடந்துக்கும், வாங்குனவங்க பதறுவாங்க), அப்புறம் விழுந்துரும். 4.7 மில்லிகிராம் குச்சி சுமார் ஆறு மாசம், 9.4 ஒரு வருசம் போல. மருந்து தீந்தா பெரும்பாலும் திரும்ப வந்துரும்.

ஆனா காளை மட்டும் வம்பு புடிச்ச பிராணி. காளைக்கு இதே டெஸ்லோரெலினை விடாம குடுத்தா டெஸ்டோஸ்டிரோன் விழறதுக்குப் பதிலா ஏறிப்போயி அங்கயே நிக்கும். எல்.எச் துடிப்பு போயிரும், ஆனா அடிமட்ட எல்.எச் கொஞ்சம் ஒசந்து அப்படியே இருக்கும், கொட்டை அதுக்கே வேலை செய்யும். நாய்க்குப் படிச்சதை காங்கேயம் காளைக்கு அப்படியே ஒட்ட வைக்கக் கூடாதுன்னு எங்க புரபசர் இதை வச்சுத்தான் திட்டுவாரு.

எல்லைக்கோட்டு ஆட்டுக்காரன்

ஆனை, நாய், காளைன்னு எங்கெங்கயோ போயிட்டோமுங்க, நல்லாத்தான் இருக்குது. நேத்து கெடாவை மிருகாசுபத்திரிக்கு ஆட்டோவுல ஏத்திட்டுப் போனேன். டாக்டர் விந்து எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாரு, என்னையும் பாக்க விட்டாரு, சும்மா தண்ணி மாதிரி இருந்துச்சு, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு கெடந்துச்சு, அதுவும் ஓடல. சேர்க்கைக்கு விடாதீங்க, காத்திருங்கன்னாரு, கூட்டம் இருந்ததால வெவரமா கேக்க முடியல. எத்தன நாள் காத்திருக்கணும்? திரும்ப வரும்னு நம்பலாமா, இல்ல கறிக்கு வித்துடறதா? மாமன் இப்ப “அப்படின்னா பெரிய டோஸா போட்டா கொட்டைக்குள்ளயும் ஏறிடும்ல”ங்கறாரு, அவரை என்ன பண்றது.

கால்நடை கோகிலா

மாமன் ஆளு லேசுப்பட்டவர் இல்ல. எலியில அது நெசமாவே நடக்கும், ரொம்ப ரொம்பப் பெரிய டோஸுல எலிக்கு அணு உருவாகறது ஓரளவு நிக்காம ஓடும், நடு டோஸுலதான் விழும். அதை நம்பி கெடாவுக்கு யாரும் மருத்துவம் பண்றதில்ல, மாமன்கிட்ட சிரிஞ்சு குடுக்காதீங்க.

நாள் கணக்கு இப்படிப் பாருங்க. மொதல்ல எண்ணெய் ஊசி ஒடம்புல இருந்து கரையணும், அது வாரக்கணக்குல கசியற சரக்கு, கடைசியா எப்ப போட்டாங்கன்னு அந்தப் பையன்கிட்ட கேட்டு வாங்குங்க. அது தீந்த பின்னாடிதான் மூளை முழிச்சு எல்.எச் விட ஆரம்பிக்கும், அதுக்கும் கொஞ்சம் நாளாகும். அப்புறம் கெடாவுல ஒரு விந்தணு ஆரம்பத்துல இருந்து முழுசாக சுமார் 48 நாளு, (காளைக்கு 61, பன்னிக்கு 39 போல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு, மருந்து குடுத்து இதைச் சுருக்க முடியாது). முழுசாயி கொட்டையை விட்டு வெளிய வந்ததும் பக்கத்துல ஒட்டியிருக்கற நீளக் குழாயில ரெண்டு வாரம் போல ஊறி முதிரணும். எல்லாம் கூட்டுனா ஊசி கரைஞ்ச நாள்ல இருந்து மூணு மாசத்துக்கு முன்னாடி எதையும் எதிர்பாக்காதீங்க. வாங்கி மாசக்கணக்கு ஆச்சுங்கறதால உங்களுக்கு அதுல ஒரு பங்கு ஏற்கனவே கழிஞ்சிருக்கும்.

பெரும்பாலான மிருகங்கள்ல ஊசி நிறுத்துனா திரும்ப வருது. உங்க கெடா குட்டியில இருந்து ஊசி வாங்குனதா, வளந்த பின்னாடியாங்கறது முக்கியம். செர்டோலி செல்லுங்க பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடிதான் பெருகும், அந்த வயசுல எஃப்.எஸ்.எச்சை அடக்கியிருந்தா ஆள் எண்ணிக்கையே கொறைஞ்சு போயிருக்கும், அது பின்னாடி ஈடாகாது, கொட்டை எப்பவுமே சின்னதாத்தான் நிக்கும். வளந்த பின்னாடி போட்டதுன்னா நம்பிக்கை அதிகம்.

அவசரம்னா டாக்டர்கிட்ட ஜி.என்.ஆர்.எச் சவால் டெஸ்ட் கேட்டுப் பாருங்க, புசெரெலின் ஒரு ஊசி போட்டு முன்னாடி ஒரு ரத்தம், ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு ரத்தம். டெஸ்டோஸ்டிரோன் ஏறினா பிட்யூட்டரியும் கொட்டையும் உயிரோட இருக்குது, காத்திருக்கலாம்னு அர்த்தம். இதுக்கு மட்டும் நீங்க கேட்ட அந்த லேபு ஒதவும், ஏன்னா இங்க பாக்கறது ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தை. ஒரு எச்சரிக்கை, பழைய எண்ணெய் ஊசி இன்னும் ரத்தத்துல இருந்தா இந்தக் கணக்கு கொழம்பும், அதனால ஒடனே போகாதீங்க. காத்திருக்கற நாளுல கொட்டை இறுகுதான்னு மாசத்துக்கு ஒருக்கா தொட்டுப் பாத்து டேப் அளவு எழுதுங்க. மொரட்டுத்தனமும் வாடையும் நடுவுல கொறையும், பயப்படாதீங்க, ஊசி கரையுது சொந்தம் இன்னும் வரலைன்னு அர்த்தம், அது நல்ல அடையாளம்தான்.

விக்கறதுன்னா பொலிக்குன்னு சொல்லி இன்னொருத்தன் தலையில கட்டாதீங்க. கறிக்குக் குடுக்கறதுன்னாலும் ஊசி போட்ட ஒடம்பு, டாக்டர்கிட்ட எத்தன நாள் கழிச்சுன்னு கேட்டுட்டுக் குடுங்க.

மீனாட்சிபுரம் பையன்

அக்கா ஒரே ஒரு கேள்வி, எங்ககிட்ட ஒரு கெடாக்குட்டிக்கு ஒத்தக் கொட்டைதான் எறங்கியிருக்கு, இன்னொண்ணு வயித்துலயே நின்னுருச்சு. ஆனா வாடை, கனைப்பு எல்லாம் இப்பவே இருக்குது. இதுக்கு எறக்கறதுக்கு ஹார்மோன் ஊசி போடலாமான்னு கேக்க வந்தேன், இதைப் படிச்ச பின்னாடி பயமா இருக்கு.

கால்நடை கோகிலா

வாடை இருக்கத்தான் செய்யும் தம்பி, லேடிக் செல்லு வயித்துச் சூட்டுலயும் டெஸ்டோஸ்டிரோன் செய்யும், அணு உருவாகற வேலைதான் அந்தச் சூட்டுல நடக்காது. ரெண்டும் உள்ள நின்ன கெடாவும் இப்படித்தான், முழு ஆணா நடந்துக்கும், குட்டி மட்டும் வராது. உங்க குட்டிக்கு எறங்கின ஒத்தக் கொட்டை நல்லா இருந்தா சினைகூட நிக்கும், ஆனா இந்தக் குறை பரம்பரையா வர்றது, அதனால ஊசி போட்டு எறக்கிப் பாக்கறதும் வேண்டாம், பொலிக்கு வைக்கறதும் வேண்டாம். காயடிக்கறதுன்னா உள்ள நின்னதையும் சேத்து எடுக்கற டாக்டர்கிட்ட போங்க, வெளிய இருக்கறதை மட்டும் எடுத்தா வாடையும் போகாது சண்டையும் போகாது.